வெளிநாட்டில் மருத்துவத் தன்னார்வப் பணி, ஒரு குடும்பத்தோடு தங்கி: முழுமையான வழிகாட்டி

வேறு நாட்டுக்குப் போய் அங்குள்ள சுகாதார நிலையத்தில் சில மாதம் வேலை செய்வது, இரவில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே தங்குவது. இரண்டும் சேரும்போது ஊரும் மொழியும் மனிதர்களும் பழகிப்போகிற வேகம், விடுதியில் தனியாகத் தங்குபவருக்குக் கிடைக்காது. அதே நேரத்தில் விடுதியில் இருப்பவருக்கு வராத சிக்கல்களும் வரும். காலையில் கிளினிக்கில் நீங்கள் பார்த்த பெண், உங்களுக்குச் சாப்பாடு போடும் அம்மாவின் தங்கை மகளாக இருக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் பிள்ளையும்தான், டாக்டரும்தான். நீங்கள் நர்சாக இருந்தாலும் சரி, மாணவராக இருந்தாலும் சரி, கணக்கு எழுதப் போனவராக இருந்தாலும் சரி, அவர்கள் கண்ணுக்கு டாக்டர்தான்.

விசா, தடுப்பூசி, காப்பீடு எல்லாவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 1: உங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள்

நிறுவனம் தேடுவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல் போடுங்கள். சொந்த நாட்டில் யார் மேற்பார்வையும் இல்லாமல் நீங்கள் செய்ய அனுமதி உள்ளவை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்பவை. இதுவரை செய்தே பார்க்காதவை. டிரெஸ்ஸிங், ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, தையல், பிரசவம் என்று தனித்தனியாக எழுதுங்கள். "அடிப்படை மருத்துவ உதவி" என்று மொத்தமாக எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. இந்தத் தாள் அங்கே போனதும் உங்கள் மேற்பார்வையாளர் கையில் இருக்க வேண்டும்.

சொந்த நாட்டில் உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள். ஆள் பற்றாக்குறை, ஏழை நாடு, "இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் ஏராளமாக வந்து இறங்கின. அவற்றில் சிலவற்றின் தகுதியும் சிகிச்சைத் தரமும் பெரிய கேள்வியாயின. அதற்குப் பிறகு, 2013-ல், இப்படி வரும் குழுக்களுக்குக் குறைந்தபட்சத் தரம் என்ன என்பதை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்து வெளியிட்டது. நல்ல மனதோடு வந்தவர்கள்தான் அவர்களும். நோயாளியின் உடலுக்கு நம்முடைய நல்ல மனது தெரியாது.

மருத்துவப் படிப்பே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். மருந்து இருப்புப் பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது, நோயாளிக் கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது, காலாவதி தேதி பார்த்து மருந்து அலமாரியை அடுக்குவது எல்லாமே சின்ன நிலையங்களுக்குப் பெரிய உதவி. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்றால், அரைகுறைப் பயிற்சியோடு ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு வருபவரைவிட நீங்கள் பல மடங்கு பயன்படுவீர்கள்.

எவ்வளவு காலம் போவது? அனுபவம் உள்ள அறுவை மருத்துவர் ஒருவர், தயாராக இருக்கும் ஒரு குழுவோடு சேர்ந்தால், இரண்டு வாரத்திலும் உருப்படியாக ஏதாவது செய்துவிடலாம். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்பது இடம் பிடிபடவே போய்விடும். அதுவரை அங்குள்ள நர்ஸ் தன் வேலையை விட்டுவிட்டு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். குறைந்தது மூன்று மாதம் ஒதுக்க முடிந்தால் போங்கள்.

படி 2: நிறுவனத்தைக் கேள்வி கேளுங்கள்

பெயர் பெற்ற அமைப்புகள் எல்லாமே குடும்பத்தோடு தங்க வைப்பவை அல்ல. 1971-ல் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தகுதி பெற்ற தொழில்முறையாளர்களை எடுத்துச் சம்பளம் தருகிறது. 1970-ல் உருவான, ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தருகிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமான பீஸ் கோர் என்ற அரசுத் தன்னார்வலர் திட்டம், 1961-லிருந்து நடக்கிறது. அதில் சேருபவர்கள் முதல் சில மாதப் பயிற்சிக் காலத்தை வழக்கமாக உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு கழிக்கிறார்கள். இவை தவிர, கட்டணம் வாங்கிக்கொண்டு கிளினிக்கையும் தங்கும் வீட்டையும் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் நிறைய உள்ளன. ஒரு குடும்பத்தோடு தங்கிப் பணி செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது இவர்களிடம்தான். நன்றாக நடத்துபவர்களும் உண்டு, சுற்றுலா விற்பது போல விற்பவர்களும் உண்டு.

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்:

- இந்தக் கிளினிக் தன்னார்வலர் வேண்டும் என்று தானாகக் கேட்டதா? எந்த வேலைக்குக் கேட்டது?
- என்னை மேற்பார்வை செய்யப்போவது யார், அவர் தகுதி என்ன, எத்தனை மணி நேரம் அதே இடத்தில் இருப்பார்?
- என் தகுதி உள்ளவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதிய விதி உண்டா?
- நான் கட்டும் பணத்தில் கிளினிக்குக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு?
- வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால், அன்றைக்கே மாற்று இடம் தருவீர்களா?
- முன்பு போய்வந்த இரண்டு பேரோடு நேரடியாகப் பேச முடியுமா?

பணக் கணக்கைச் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து விலகிவிடுங்கள். "அனுபவமே தேவையில்லை, முதல் வாரத்திலேயே பிரசவம் பார்க்கலாம், அறுவை சிகிச்சையில் கை கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது இன்னொருவரின் உடல்.

படி 3: காகித வேலை

ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். பாஸ்போர்ட், பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்தால் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். பல நாடுகளில் அது விதிமீறல். அந்த நாட்டுத் தூதரகத்திடமே நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளர் என்றால் அந்த நாட்டின் மருத்துவ அல்லது செவிலியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு தேவைப்படலாம். அதற்குப் பட்டச் சான்று, சொந்த நாட்டுப் பதிவுச் சான்று, உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்று கவுன்சில் தரும் சான்று, காவல்துறைச் சான்று கேட்பார்கள். பல நாடுகள் இவற்றில் அப்போஸ்டில் முத்திரையும் (சான்று உண்மையானது என்று அதைத் தந்த நாட்டு அரசு உறுதி செய்யும் முத்திரை) எதிர்பார்க்கும். வரிசையில் நிற்கிற வேலைதான் இது. சீக்கிரம் ஆரம்பித்தால் சரி.

காப்பீட்டை மட்டும் வரிக்கு வரி படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு மருத்துவப் பணியின்போது நேரும் காயத்தை விலக்கியிருக்கலாம். மூன்று விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: கிளினிக்கில் வேலை செய்யும்போது வரும் காயமும் தொற்றும், அவசரத்தில் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு, உங்கள் சிகிச்சையால் நோயாளிக்குக் கெடுதல் நேர்ந்தால் வரும் சட்டப் பொறுப்பு. மூன்றாவது பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியதாக இருக்கும்.

படி 4: உடம்பைத் தயார் செய்வது

கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி-க்கு வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். எச்.ஐ.வி.க்குப் பயப்படும் அளவுக்கு யாரும் இதற்குப் பயப்படுவதில்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியாகும். டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட வேண்டும். தட்டம்மைக்கு இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். ரேபிஸ் உள்ள பகுதியில், நாய் வளர்க்கும் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே போடும் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும், கடித்தால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அடுத்த ஊசிகளுக்குப் போகத்தான் வேண்டும்.

மலேரியா உள்ள இடத்துக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் ஊருக்குத் திரும்பிய பிறகும் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையைத் தூக்கிப் போட்டால் மாட்டிக்கொள்ளலாம்.

காசநோய்ச் சோதனை ஒன்றைக் கிளம்பும் முன்பே செய்து வையுங்கள். திரும்பி வந்து செய்வதோடு ஒப்பிட அது தேவைப்படும்.

படி 5: வீடும் முதல் வாரமும்

வீட்டைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டியவை: எத்தனை பேர், உங்கள் அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எப்படி, கிளினிக் எவ்வளவு தூரம், இருட்டிய பிறகு எப்படித் திரும்புவது. தாழ்ப்பாள் இல்லாத அறையை ஒத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

முதல் வாரத்தில் வீட்டு நடைமுறைகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். யார் எப்போது குளிக்கிறார்கள், எப்போது கதவு பூட்டுகிறார்கள், எந்த இடத்தில் யாரும் செருப்போடு போவதில்லை என்று பாருங்கள். வேலை நாளில் தாமதமாகும் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் வரும் வரை சாப்பிடாமல் காத்திருக்கும் வீடுகள் உண்டு. குடிதண்ணீரில் சந்தேகம் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். இதை நீங்களே செய்துகொள்ளுங்கள், அந்த வீட்டுத் தண்ணீரைக் குறை சொல்லுவது போல ஆக்கிவிடாதீர்கள்.

கிளினிக்கில் போட்ட உடையோடு அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்காதீர்கள். வேலைக்கு ஒரு செருப்பு, அது வாசலோடு நிற்கட்டும். உடையைக் கிளினிக்கிலேயே மாற்றி, தனிப் பையில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டுத் துணியோடு கலக்காமல் நீங்களே துவையுங்கள். அந்த வீட்டு அம்மா "கொடு, சேர்த்துப் போடுகிறேன்" என்று கையை நீட்டுவார். "இதில் நோயாளிகள் பட்டிருக்கிறார்கள் அம்மா, உங்கள் பேரனுக்கு வரக்கூடாது" என்று காரணத்தோடு சொன்னால் புரிந்துகொள்வார். காரணம் சொல்லாமல் பையை இழுத்துக்கொண்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.

படி 6: கிளினிக்கில்

முதல் சில நாள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று பட்டியல் தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பேசுங்கள். அங்குள்ளவர்கள் குறைந்த வசதியில் கற்றுக்கொண்ட திறமை உங்களிடம் இல்லாததாக இருக்கும். ஸ்கேன் இல்லாமல் கையால் வயிற்றைத் தொட்டே குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் மருத்துவச்சியின் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கை கழுவுவதில் சமரசம் வேண்டாம். நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ உடல் திரவமோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில் மேசையைத் தொட்ட பின். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து நேரம் இவைதான். கைக்குத் தேய்க்கும் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி.

ஊசி குத்திவிட்டால்: உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், பொறுப்பாளரிடம் அப்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் தொடர வேண்டும். அந்த மருந்து அந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளே தெரிந்து வைத்திருங்கள். குத்திய பிறகு தேட ஆரம்பிக்கக் கூடாது.

தகுதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யச் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கூட்டம் அதிகம், ஆள் குறைவு. அப்போது சொல்ல ஒரு வாக்கியத்தை உள்ளூர் மொழியில் மனப்பாடம் செய்து வையுங்கள்: "எனக்கு இதில் பயிற்சி இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் நின்று என்ன வேண்டுமோ எடுத்துக் கொடுக்கிறேன்." மறுக்கும்போதே வேறு உதவிக்குக் கையை நீட்டினால் மறுப்பது எளிதாகும்.

படி 7: வீட்டுத் திண்ணையில் டாக்டர் ஆகாதீர்கள்

நீங்கள் வந்த சில நாளில் வீட்டுப் பெரியவர் முழங்காலைக் காட்டுவார். அடுத்து அவர் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வார். பார்த்தால், மறுநாள் சாயங்காலம் வாசலில் அக்கம்பக்கத்தவர் இரண்டு பேர் காத்திருப்பார்கள். அன்பால் கேட்கிறார்கள், நம்பிக்கையால் கேட்கிறார்கள். அதனாலேயே மறுப்பது கடினம். ஆனால் வீட்டில் பதிவேடு இல்லை, பரிசோதனை இல்லை, மேற்பார்வை இல்லை. நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு அந்த மருந்தைத் தொடர ஆளும் இல்லை. உங்கள் பையில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மீந்துபோன ஆன்டிபயாட்டிக் என்றால் இன்னும் மோசம்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? கூட்டிக்கொண்டு போவது. "நாளைக் காலை நான் போகும்போது என்னோடு வாருங்கள் ஐயா, சீட்டு வாங்கிப் பார்த்துவிடலாம்" என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மருத்துவ உதவி இதுதான். கிளினிக்குக்குப் போகப் பயந்து உட்கார்ந்திருக்கும் பலருக்குத் துணைக்கு ஒரு தெரிந்த முகம்தான் தேவைப்படுகிறது.

விதிவிலக்கு உயிருக்கு ஆபத்தான நேரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் இந்த நான்கையும் பாருங்கள்: தண்ணீரோ தாய்ப்பாலோ குடிக்க முடியவில்லை, குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறது, வலிப்பு வந்தது, சோர்ந்து கண் திறக்காமல் கிடக்கிறது. ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சுத்தமான தண்ணீரில், பொட்டலத்தில் சொன்ன அளவில் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு: இவை எதற்கும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது கோடு ரகசியம். சாப்பிடும்போது பேச்சு வரும்: "இன்றைக்கு அந்தக் கடைக்கோடி வீட்டுப் பெண் வந்தாளாமே, என்னவாம்?" சின்ன ஊரில் பெயர் சொல்லாமல் சொன்னாலும் ஆள் தெரிந்துவிடும். "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சொல்வதும் தகவல்தான். அவள் வந்தாள் என்பதையே நீங்கள் உறுதி செய்துவிடுகிறீர்கள். முதல் வாரத்திலேயே, யாரைப் பற்றியும் கேள்வி எழாத நேரத்தில், சொல்லி வையுங்கள்: "யார் வந்தார்கள், என்ன நோய் என்று நான் வீட்டில் பேசமாட்டேன் அம்மா. நாளைக்கு நீங்கள் வந்தாலும் உங்களைப் பற்றி வேறு எங்கும் பேசமாட்டேன்." இரண்டாவது வாக்கியம் முக்கியம். அதைக் கேட்ட பிறகு பெரும்பாலும் கேள்வி நின்றுவிடும். அந்த வீட்டிலேயே யாராவது உங்கள் கிளினிக்குக்கு வந்தால், முடிந்தவரை வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லி நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: படம், பணம், பரிசு

நோயாளியைப் படம் எடுக்காதீர்கள். சிகிச்சைக்கு வந்தவர் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லும் நிலையில் இல்லை. அவர் தலையாட்டினாலும் அதைச் சம்மதமாக எண்ண முடியாது. வீட்டுக் குழந்தைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

மருந்து கொண்டுபோக ஆசைப்பட்டால் முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது அதன் ஆயுள் குறைந்தது ஒரு வருடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வேற்று மொழியில் அச்சிட்ட, சில மாதத்தில் காலாவதியாகும் பெட்டிகள் அங்கே குப்பையாகத்தான் சேரும், அதை அப்புறப்படுத்தும் செலவும் அவர்கள் தலையில் விழும்.

தங்கும் செலவை நிறுவனம் வழியாகவே கொடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுத்தால் உறவில் விரிசல் வரும். பரிசு என்றால் வீடு முழுவதும் பயன்படுத்துவதாக வாங்குங்கள்.

படி 9: கிளம்பும்போதும் அதற்குப் பிறகும்

கடைசி வாரத்தில் உங்கள் வேலையை ஒப்படைக்கும் குறிப்பு எழுதுங்கள். எந்த நோயாளிக்கு எந்தத் தேதியில் மறுபரிசோதனை, எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, எந்தக் கருவிக்கு எந்த உதிரிபாகம் வேண்டும் என்பது அங்கே தொடர்ந்து இருக்கும் நர்சுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். அதை அவரோடு உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள். திரும்ப வருவேன் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள், உறுதியாக வரப்போகிறீர்கள் என்றால் தவிர. குழந்தைகள் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

ஊர் திரும்பி எட்டு முதல் பத்து வாரத்தில் காசநோய்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மலேரியா மாத்திரையைச் சொன்ன நாள் வரை முடியுங்கள். அதற்குப் பிறகும், ஒரு வருடம் வரை, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய், எந்த நாட்டில் இருந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.